நாற்பத்தேழு நிமிசம்

அவளைக் கண்டா எனக்கு வயிறு எரியும். இதைச் சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது.

மாங்குளத்தில, கண்டி றோட்டுக்கரையில இருக்கிற ஒரு ஸ்டூடியோவில ஆறு வருசம் வேலை செய்தனான். கலியாணம் வந்தா முதலாளி அண்ணை ஒரு கமராவோட மாப்பிள்ளை வீட்டை போவார், நான் மற்றக் கமராவோட பொம்பிளை வீட்டை போவன். சீலை உடுத்துற அறைக்குள்ள ஆம்பிளை நிண்டு படமெடுக்கேலாதெல்லோ. பொம்பிளைப் பிள்ளையளும் அந்த நேரம் என்னோடதான் கதைக்குங்கள், 'அக்கா, வடிவா இருக்கிறனோ, உண்மையைச் சொல்லுங்கோ' எண்டு.

கலியாணம் முடிஞ்சாப் பிறகுதான் என்ர பெரிய வேலை. ரெண்டு கமராப் படங்களையும் ஒரு ஃபோல்டருக்குள்ள கொட்டி, எது முதல், எது பிறகு எண்டு பாத்துப் பாத்து இலக்கம் போடவேணும். படத்தைத் தொடு, எஃப் ரூ கட்டையை அமத்து, இலக்கத்தை அடி, என்ரரை அமத்து. பிறகு ஒவ்வொண்டையும் திறந்து மூலையில கடைப்பேரைப் போட்டு, வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்புறதுக்குச் சின்னதாக்கவேணும். ஒரு கலியாணத்துக்கு மூண்டு நாள் போகும். விரல் வீங்கும். ஆனா அதில எனக்கொரு பெருமை இருந்தது. "இவள் இல்லாட்டி என்ர கடை படுத்திடும்" எண்டு அண்ணை வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவார். கிளிநொச்சியில ரெண்டாவது கடை திறந்தா நீதான் பொறுப்பு எண்டும் சொல்லி வைச்சிருந்தார். அந்தக் கடைக்கு என்ன நிறத்தில திரை போடுறது எண்டுகூட நான் மனசுக்குள்ள முடிவெடுத்திட்டன்.

போன வைகாசியில அவள் வந்தாள். பூவரசங்குளத்துப் பிள்ளை, வவுனியாவில கொம்பியூட்டர் படிச்சவள். ரெண்டு பஸ் மாறி வாறவள், வீட்டுக்குப் பக்கத்தில இருந்து வாற எனக்கு முதலே வந்து கடைவாசல்ல நிப்பாள். முதல் நாள் எனக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு நான் செய்யிறதைக் கொஞ்ச நேரம் பாத்தாள்.

"அக்கா, எல்லாப் படத்துக்கும் இப்படியேவா செய்வீங்க?"

"ஓம். வேறென்ன, படம் தன்ர பாட்டில பேரை மாத்துமோ?"

அவள் சிரிச்சுப்போட்டு ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து பத்துப் பன்னிரண்டு வரி அடிச்சாள். அதுதான் ஸ்கிரிப்ட் எண்டாள். ஒருக்கா எழுதி வைச்சா ஃபோல்டருக்குள்ள இருக்கிற எல்லாப் படத்துக்கும் அதையே கொம்பியூட்டர் தான் செய்யுமாம். பிறகு ஒரு கறுப்புத் திரையில ஒரு வரியை அடிச்சு என்ரரைத் தட்டினாள். வெள்ளை எழுத்துகள் கடகடவெண்டு ஓடிச்சுது. நான் தேத்தண்ணியைக் கையில எடுத்து ஊதிக்கொண்டிருந்தன், இன்னும் வாயில வைக்கேல்லை. முடிஞ்சுது. ஆயிரத்துச் சொச்சம் படத்திலயும் கடைப்பேர் இருக்கு, எல்லாம் சின்னதாகியும் போச்சு, மூலப் படங்கள் பத்திரமா வேற ஃபோல்டருக்குள்ள கிடக்கு.

"எடி பிள்ளை! நீ இவ்வளவு நாளும் எங்கயடி இருந்தனி?" எண்டார் அண்ணை. என்ர ஆறு வருசத்தில ஒருநாளும் அவர் எனக்கு அப்பிடிச் சத்தம் போட்டுச் சொன்னதில்லை. தேத்தண்ணியை நான் குடிக்கேல்லை, கொண்டுபோய்ப் பின்னுக்கு ஊத்தினன்.

அதுக்குப் பிறகு அவளில பிழை பிடிக்கிறதுதான் என்ர வேலை. ஒண்டும் அகப்படேல்லை. கடைசியில அவள் கதைக்கிற விதத்தைப் பிடிச்சன். அவளின்ர ஆக்கள் மலையகத்தில இருந்து வந்து குடியேறினவை, அவள் 'வாங்க, இருங்க' எண்டுதான் சொல்லுவாள். ஆக்கள் கடைக்கு வந்தா நான் வேணுமெண்டு அவளுக்கு முன்னால 'வாங்கோ, இருங்கோ' எண்டு இழுத்து இழுத்துச் சொல்லுவன். சீ, எவ்வளவு கேவலம்! அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. அதுக்கும் எனக்குக் கோவம் வந்தது.

ஒருநாள் அவள் சாப்பிடப் போன நேரம் நான் களவா அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, அவள் அடிக்கிற மாதிரியே அடிச்சுப் பாத்தன். சிவப்பு எழுத்தில என்னவோ வந்து விழுந்தது. திரும்பினா, சோத்துப் பெட்டியோட பின்னால நிக்கிறாள்.

"ஃபோல்டர் பேருக்கு நடுவுல இடைவெளி இருக்குங்க அக்கா. அப்படீன்னா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும். இருங்க, காட்டித் தாறேன்."

நல்ல மனசோடதான் சொன்னாள். நான் எழும்பிப் போய், துடைச்சு வைச்ச கமராவைத் திரும்பவும் துடைச்சன்.

ஆடி மாசம் அண்ணை சாடைமாடையாக் கதையை விட்டார். "கிளிநொச்சிக்கு அவளை விட்டா என்ன? நீ இங்க பழகின ஆள்." நான் தலையை ஆட்டினன்.

ஆவணியில உருத்திரபுரத்தில ஒரு பெரிய கலியாணம். கலியாணம் முடிஞ்சு நாலாம் நாள் செய்யிற நாலாஞ்சடங்கு அண்டைக்குப் படமெல்லாம் ரீவியில போட்டுக் காட்டவேணும், லண்டனால வந்த ஆக்கள் அடுத்தநாள் போயிடுவினம் எண்டு கேட்டிருந்தவை. அண்ணை யோசிச்சார். அவள், "படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிஞ்சிருக்குங்க அண்ணா. ரெண்டு கமராப் படத்தையும் அந்த நேரத்தை வச்சு ஸ்கிரிப்டே அடுக்கும்" எண்டாள். அதுவரைக்கும் இலக்கம் போடுற ஒரு வேலைதான் எனக்கெண்டு மிஞ்சியிருந்தது. அதுவும் போச்சு.

இங்கதான் ஒரு விசயம் சொல்லவேணும். என்ர கமரா பழசு. நேரம் மாத்துற பட்டன் உடைஞ்சு கனகாலம். அதில நேரம் நாற்பத்தேழு நிமிசம் கூடக் காட்டும். நான் கையால அடுக்கின காலத்தில அது பிரச்சினையே இல்லை, கண்ணால பாத்தாத் தெரியும்தானே. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் கேட்டவள். அதை மறைக்கேலாது. ரெண்டு கமராவையும் மேசையில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்துக் கேட்டாள்.

"அக்கா, உங்க கமராவுல ஏதும் கவனிக்கணுமா?"

"ஒண்டுமில்லை. உமக்குத்தான் எல்லாம் தெரியுமே."

நாலாஞ்சடங்கு அண்டு பின்னேரம் அண்ணையின்ர போன் அடிச்சுது. மாப்பிள்ளையின்ர தாய். அவா கத்தினது தூர நிண்ட எங்களுக்கும் கேட்டது. ரீவியில தாலி கட்டுறது வந்து, அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிறது வந்து, அதுக்குப் பிறகு பொம்பிளை கூறைச்சீலை இல்லாமல் வேற சீலையோட, கழுத்தில தாலியும் இல்லாமல் வந்து நிக்கிறாளாம். பிறகு தாலியோட. பிறகும் வெறுங்கழுத்து. நான் எடுத்த படங்கள். கூறைக்கு முதல் உடுத்த சீலையோட பொம்பிளை மணவறைக்கு வந்த நேரம், அவளைப் பாத்து "வடிவா இருக்கிறீர்" எண்டு சொல்லிச் சொல்லி எடுத்தவை.

"என்ர பிள்ளை கட்டின தாலி எங்கயடா? சபை நிறைய ஆக்களுக்கு முன்னால இதென்ன அபசகுனம்!" எண்டு அவா அழுதா. பொம்பிளை அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டினவளாம், திறக்கிறாளில்லையாம்.

அண்ணை போனை வைச்சிட்டு, ஸ்கிரிப்ட் எழுதின அவளைப் பேசின பேச்சு! கடைக்கு வந்த சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டுது. எனக்கு உள்ளுக்குள்ள முதல்ல சந்தோசம்தான் வந்தது, பொய் சொல்லேலாது. பிறகு அந்தப் பூட்டின கதவு நினைவுக்கு வந்தது. அப்பவும் நான் வாயைத் திறக்கேல்லை.

அவள் அழேல்லை. ரெண்டு கமராவிலயும் தாலி கட்டுற படத்தைத் திறந்து பக்கத்தில பக்கத்தில வைச்சாள். நேரத்தைப் பாத்தாள். பிறகு என்ர கமராவைக் கையில எடுத்து, பட்டனைத் தேடித் திருப்பினாள். அடியில நான் ஒட்டி வைச்ச பிளாஸ்டர் துண்டு. அதில என்ர கையெழுத்து: '47 நிமிசம் கூட.'

நான் அதை மறந்தே போனன். எழுதின மை மங்கியும் போச்சு. அவள் அதை வாசிச்சுப்போட்டு நிமிர்ந்து என்னைப் பாத்தாள். கன நேரமில்லை, ஒரு மூச்சு விடுற நேரம். கமராவைத் திருப்பி நிமித்தி வைச்சாள்.

"என் பிழைதான் அண்ணா," எண்டாள். "இந்தக் கமரா நேரம் பிழைன்னு அக்கா முன்னாடியே சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

பிறகு ஸ்கிரிப்டில ஒரு வரியைச் சேத்தாள், என்ர படம் எல்லாத்திலயும் நாற்பத்தேழு நிமிசத்தைக் கழிக்கச் சொல்லி. என்ரரைத் தட்டினாள். எல்லாம் தன் தன் இடத்தில போய் நிண்டுது. அண்ணை பென் ட்ரைவை எடுத்துக்கொண்டு உருத்திரபுரத்துக்கு ஓடினார். திருத்தின படத்தைப் போட்டுக் காட்டினாப் பிறகுதான் அந்தப் பிள்ளை கதவைத் திறந்ததாம்.

அடுத்த கிழமை அண்ணை என்னைக் கூப்பிட்டார். "கிளிநொச்சிக்கு நீ போ. நிதானமான ஆள்தான் அங்க வேணும்."

அவளுக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை, அதாலதான் பழியைத் தலையில போட்டவள் எண்டு என்னை நானே தேத்திக்கொண்டன். கடை திறந்து ஒரு மாசத்தால அண்ணை பேச்சோட பேச்சாச் சொன்னார், கிளிநொச்சிக்கு அனுப்பச் சொல்லி ஆடியிலேயே அவள் கேட்டவளாம். அங்க சித்தி வீடு இருக்காம், ரெண்டு பஸ் மாறத் தேவையில்லையாம், கெஞ்சாத குறையாம்.

நான் மாங்குளத்தை விட்டு வெளிக்கிடேக்கை அவள் அந்த ஸ்கிரிப்டை ஒரு பென் ட்ரைவில போட்டுத் தந்தவள். இப்ப அதுவும் என்ர பழைய கமராவும்தான் எனக்குச் சோறு போடுது. எப்பிடி ஓட்டுறதெண்டு ஒரு கடுதாசியிலயும் எழுதித் தந்தவள், மேற்கோள் குறி போடவேண்டிய இடத்தை வட்டம் போட்டு. எனக்கு அவளில இப்பவும் பொறாமைதான். முந்தி அவளின்ர கெட்டித்தனத்தில மட்டும்தான் இருந்தது.

ஒவ்வொரு கலியாணத்துக்கும் அந்த ஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்து ஃபோல்டர் பேரை மாத்தவேணும். நாற்பத்தேழைக் கழிக்கிற வரிக்கு மேல, '#' எண்டு வேலி அடையாளம் போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறாள். அந்த அடையாளம் இருந்தா கொம்பியூட்டர் அந்த வரியை வாசிக்காது, ஆக்கள் வாசிக்கிறதுக்குத்தான் அது. அழிச்சாலும் வேலை நடக்கும். எத்தினையோ தரம் அழிக்கப் போய் விட்டிட்டன்.

'ரெண்டாவது கமரா 47 நிமிசம் கூட. அக்கா சொன்னாங்க.'

நான் சொல்லேல்லை.