அண்ணை உட்கார்ந்த கதிரை

மனைவி என் மூலத்துக்குத் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்குகிறாள். அந்த வாசம் ஏறினால் உடுவில் வீட்டுப் பின்பக்கக் கோடிப்புறம்தான் நினைவில் வரும்.

அப்போதே எனக்கு மலச்சிக்கல். அண்ணை பனை வடலிக்குள் ஒதுங்கப் போன கையோடு திரும்பி, பிலாவிலையை மடித்துக்கொண்டு கூழ்ப்பானையடியில் குந்திவிடுவார். நான் முக்கி முனகி வரும்போது கூழில் கிடந்த நண்டெல்லாம் அவர் வயிற்றில். "உனக்கு உறைப்பு ஆகாதடா" என்று அம்மா எனக்குத் துத்தியை வதக்கித் தருவார். அண்ணை நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பார்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று லொறிகளுக்கு முதலாளி. ஊரில் எவனிடமும் இல்லாத மாபிள் கக்கூஸ் கட்டியிருக்கிறேன். இன்று காலையும் மனைவி துத்தியை வதக்கிக்கொண்டிருக்க அண்ணை வந்தார்.

"தம்பி, உன்ரை கக்கூஸுக்கு ஒருக்காப் போட்டு வாறன்."

மனைவி இலையைப் புரட்டுவதற்குள் பாடிக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

"அருமையான இடம். ஆனா விடியவிடிய உதுக்குள்ளை இருந்து என்னடா செய்யிறனி?"

எனக்குப் பற்றி எரிந்தது. "அத்தான், நண்டுக்கறி கிடக்கு, இருங்கோ" என்று அண்ணையை மறித்தாள் மனைவி.

அண்ணை மரக்கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே பார்த்தேன். அப்படி உட்கார்ந்து எனக்கு எத்தனை வருடம்!