இசைத்தட்டும் சி.டி.யும் என் காதும்

பாட்டு கேட்கிற விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 'கொஞ்சம்' என்பது எனக்கு நானே காட்டிக்கொள்கிற சலுகை. இராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் வேலை. எண்பதுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ரெக்கார்டு பிளேயர், ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, நாற்பது ஐம்பது இசைத்தட்டு என்று சேர்த்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து தலைக்குக் குளிக்காமல் தட்டைத் தொட மாட்டேன். மில்காரன் உடம்பில் பஞ்சு ஒட்டாத இடம் ஏது? முடியில், புருவத்தில், சட்டை மடிப்பில் என்று எங்கும் இருக்கும். ஓர் இழை ஊசியில் மாட்டினால் போதும், பாடுகிறவருக்குச் சளி பிடித்துவிடும். அதனால் சட்டையை வாசலிலேயே கழற்றி உதறிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

எனக்கு ஏற்ற ஜோடி ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தான். எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த நண்பன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துபாயில் இருந்த அவன் மச்சான் ஒரு சி.டி. பிளேயர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சண்டைக்கென்றே ஆகிவிட்டன. ரெக்கார்டு பிளேயரைப் பஞ்சு மெத்தைத் துண்டில் சுற்றி, ஊசிக் கையை நூலால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஒரே பாட்டை என் தட்டில் ஒரு தடவை, அவன் சி.டி.யில் ஒரு தடவை போடுவோம். "சி.டி.யில எல்லாம் இருக்கு மாப்ள, ஆனா ஈரம் இல்ல. வறவறன்னு இருக்கு" என்பேன் நான். "ஒன் ரெக்கார்டு கரகரங்குது. அந்தக் கரகரப்பத்தான் நீ ஈரங்கிற" என்பான் அவன். என் தட்டுகளில் கரகரப்பே கிடையாது என்று சாதிப்பேன். எனக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சி.டி. ஓடிக்கொண்டிருந்தபோது அவன் கையைத் தூக்கினான்.

"பல்லவி முடியிற எடத்துல பின்னால ஒரு சலங்கை வருது பாரு. எம்புட்டுத் தெளிவா இருக்கு!"

எனக்குச் சலங்கை வரவில்லை. மறுபடி போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். அடுப்படியிலிருந்து அவன் மனைவி, "எனக்கே இங்க கேக்குதுண்ணே" என்றார். "ஆமா ஆமா, வருது" என்று பொய் சொல்லிவிட்டு, செத்த நேரத்தில் கிளம்பிவிட்டேன். மடியில் பாரம் வேண்டாம் என்று சாக்குச் சொல்லி பிளேயரையும் தட்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் இரண்டு காதையும் மாறி மாறிப் பொத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் டிபார்ட்மெண்டில் மூத்த பிட்டர் ஒருவர் இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மெஷின் இரைச்சலிலேயே நின்றவர். மில்லுக்குள் நாங்கள் எல்லோரும் கைஜாடையில்தான் பேசுவோம், ஆனால் கேட்டைத் தாண்டியதும் வாய் திறப்போம். அவரோடு மட்டும் டீக்கடையிலும் கைஜாடைதான். அடுத்தது நான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே சுகம் பாட்டு. அதுவும் போய்விட்டால் மில்லும் வீடும், வீடும் மில்லும்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமே போகவில்லை. நண்பன் ஆள் விட்டபோதெல்லாம் ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பினேன். கடைசியில் என்னைப் பிடித்தவள் என் மனைவிதான்.

"எதுக்கு இப்பிடிக் கத்திப் பேசுறீய? நான் என்ன அடுத்த தெருவுலயா இருக்கேன்?"

சொல்லிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "காதுக்குன்னு டாக்டர் இருக்காருல்ல? கெளம்புங்க" என்று செருப்பை மாட்டிவிட்டாள்.

அந்தக் காது டாக்டரும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தார். விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு வலது காதுக்குள் பார்த்தவர், "மில்லுல வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரைச்சலுக்குக் காதில் என்ன வைப்பீர்கள் என்றார். வேறு என்ன வைப்போம், கைக்கு எட்டுகிற பஞ்சைக் கிள்ளி உருட்டி வைப்போம் என்றேன். மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். தட்டில் விழுந்தது ஒரு புளியங்கொட்டை அளவு கறுப்பு உருண்டை. இடது காதிலிருந்து இன்னொன்று. பஞ்சை வெளியே எடுக்கும்போது பாதி அறுந்து உள்ளே நின்றிருக்கிறது. மறுநாள் புதுப் பஞ்சை வைத்து அதை நானே இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன். மெஷின் எண்ணெயும் காதுக் குறும்பியும் சேர்ந்து கெட்டித்துவிட்டது.

"காது நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் சேத்திருந்தா தலகாணி தைச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஊசியில் ஓர் இழை படக்கூடாது என்று தினம் தலைக்குக் குளித்த மகானுபாவன் காதுக்குள் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அறை மூலையில் குழாய் சொட்டுவது கேட்டது. மனைவியின் வளையல் கேட்டது. வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டது கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

நேரே நண்பன் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு சி.டி.யைப் போட்டான். சலங்கை வந்தது. ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அப்புறம் என் இசைத்தட்டு. அதிலும் சலங்கை இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு. வருஷக்கணக்கில் நான் பீற்றிக்கொண்ட ஈரத்தில் பாதி, காதிலிருந்த பஞ்சு செய்த வேலை.

"அப்ப நான் செயிச்சிட்டேனா?" என்றான்.

"செயிச்சிக்கோ மாப்ள."

தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திங்கட்கிழமை மில்லில் ஒருவர் விடாமல் பிடித்துச் சொன்னேன். நான்கு பேர் டாக்டரிடம் போனார்கள், அதில் இரண்டு பேர் காதில் பஞ்சு இருந்தது. டிபார்ட்மெண்டே சிரித்தது. அந்த வாரக் கடைசியில் மூத்த பிட்டர் டீக்கடையில் என் தோளைத் தொட்டார். தன் காதைக் காட்டி, பஞ்சை இழுக்கிற மாதிரி விரலால் காட்டி, "என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். கடையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார். ஒரு கம்பியைத் தட்டி, அது அதிர்கிறபோதே காதருகே பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள ஒண்ணுமே இல்ல. இது மெஷின் சத்தத்துல போனது. இனிமே வராது" என்றார். அதை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் கையை விரித்துக் காட்டினேன்.

"காது சுத்தமா இருக்காக்கும்?" என்று சிரித்தார். அந்த நேரத்தில்கூட என் காது தப்பித்ததில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அப்படியே பஸ் ஏற்ற மனம் வரவில்லை. நண்பன் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல், வந்தவருக்குக் காட்டுகிற பழக்கத்தில் சி.டி.யைப் போட்டுவிட்டான். பிளேயரின் மூடி சாத்திக்கொண்டது, சின்னக் கண்ணாடியில் எண்கள் மாறின. அவர் அதையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அதை நிறுத்திவிட்டு இசைத்தட்டை எடுத்து வைத்து ஊசியை இறக்கினேன்.

அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தட்டு சுற்றுவதையும், லேசான வளைவில் ஊசி ஏறி இறங்குவதையும், அது கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்வதையும் குனிந்து பார்த்தார்.

"ஏலே, இதுதான் நல்லாருக்கு" என்றார். நண்பன் சி.டி.யை எடுத்து உறையில் போட்டான்.

"இப்பப் பாடுதாங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். செத்த நேரம் கழித்து, "இப்ப?" என்றார். புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி விரலைக் காட்டினேன். புரிந்துகொண்டு மறுபடி குனிந்தார். ஊசி நடுவில் போய் நின்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?"

தலையாட்டினேன்.

"அடுத்த பக்கத்தப் போடு" என்றார்.