லென்ஸ்காரர் தட்டிய நாற்பது

லென்ஸ்காரர் என்றால் தெரியாத ஆய்வுக்கூடம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "எனக்குச் சொல்லிக் குடுக்க அவங்ககிட்ட சரக்கு தீந்துடுச்சு" என்பார். கண்ணாடிக் கடையில் தூசி துடைக்கப் போனவர். மைக்ராஸ்கோப் பழுது பார்க்கப் பழகி, சொந்தக் கடை போட்டு, கடைசியில் மைக்ராஸ்கோப் படங்களை அளந்து சொல்லும் சாஃப்ட்வேர் விற்கிற அளவுக்கு வந்துவிட்டார். யார் தயவும் கிடையாது, எல்லாம் அந்த இரண்டு கை. தன்னால் மேலே வந்தவன் அதை நாலு பேரிடம் சொல்லாமல் யார் சொல்வது?

சாஃப்ட்வேரை எழுதுவது அவர் மனைவியின் தம்பி. படித்த பிள்ளை, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பழைய பதிப்பை அடியோடு பிரித்துப் போட்டு வருஷக்கணக்கில் புதிதாகக் கட்டியிருந்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்று அவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா இத வேணாம்னுட்டா நான் அங்க கிளம்பிடுறேன் மாமா" என்று சொல்லிவிட்டான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவி அந்த டாக்டரம்மா. அவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"என் தம்பிய ஊர விட்டு அனுப்பிட்டு வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்றாள் மனைவி, இஸ்திரி போட்ட சட்டையை நீட்டியபடி.

"நான் காட்டி வேணாம்னு சொன்னவங்க இன்னும் பொறக்கல."

"அவனே காட்டட்டுமேங்க. செஞ்சவன் அவன்தானே?"

"அவன் பேசினா பக்கத்து நாற்காலிக்கே கேக்காது. நீ சும்மா இரு."

பழைய பதிப்புக்குப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று தெரியாது. படத்தைத் திறந்ததும் ஓரத்துக் கட்டத்தில், எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்கிற லென்ஸ் எண்ணைத் தட்டியாக வேண்டும். புதியதிலோ அந்த எண் படத்தோடேயே வந்துவிடும். நடுவில் இன்னொரு லென்ஸ் மாட்டியிருந்தால் மட்டுமே அந்தக் கட்டத்தில் வேலை; அங்கே தட்டுகிற எண்ணைப் படத்தோடு வந்த எண்ணோடு பெருக்கிக்கொள்ளும். மைத்துனன் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். "தெரியும்டா" என்று அவரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

கூடத்தில் ஸ்பிரிட் வாசனை. நீள மேசையைச் சுற்றி டெக்னீஷியன் பெண்கள், நடுவில் டாக்டரம்மா. லென்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு நோயாளியின் ரத்தப் படம் திறந்தது. வாய் தன் பெருமையில் ஓடிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்குப் போய்க் கட்டத்தில் நாற்பது என்று தட்டிவிட்டது. வருஷக்கணக்கான பழக்கம், கேட்டுக்கொண்டா வரும்?

திரையில் அளவுகள் வந்தன. டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்னங்க இது, சிவப்பணு கிருமியவிடச் சின்னதா இருக்கு? இந்த ஆளுக்கு உடம்புல ரத்தம் ஓடுதா, தூசி ஓடுதா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனனுக்கு முகம் செத்துவிட்டது. நடந்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நாலு பேர் முன்னால் அக்கா புருஷனைக் காட்டிக்கொடுக்கிற பிள்ளை இல்லை.

லென்ஸ்காரரும் அந்த நாற்பதைப் பார்த்துவிட்டார். "புதுசில்லையா டாக்டரம்மா, கொஞ்சம் அப்படி இப்படி..." என்று வாய் ஆரம்பித்தும் விட்டது. டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மைத்துனன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"இருங்க டாக்டரம்மா. சாஃப்ட்வேர் மேல தப்பில்ல. அது கேக்கவே இல்ல, நானாப் போயி நாற்பதுன்னு தட்டிட்டேன். இவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், என் மண்டைல ஏறல."

தன் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"நானா இருந்தாலும் அதத்தான் சார் தட்டியிருப்பேன்" என்றாள் ஒருத்தி.

"அதான் விஷயம்" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு இவளுங்க அத்தன பேரும் தட்டுவாளுங்க. தப்பான ரிப்போர்ட் போனா யாரு பதில் சொல்றது?"

மைத்துனன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அந்தக் கட்டத்துல கை வச்சதும் நிறுத்திக் கேக்கற மாதிரி பண்ணிடலாம்."

"எப்போ?"

"இப்பவே." பையை மறுபடி திறந்து, கை கழுவும் தொட்டியோரம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் லென்ஸ்காரர் நாற்பதை அழித்தார். அணுக்கள் உரிய அளவுக்கு வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தவை தாமாகப் பிரிந்து தனித்தனிக் கோட்டுக்குள் நின்றன.

"ஒட்டினத நாம கோடு போட்டு வெட்ட வேண்டாமா?" என்றாள் ஒரு டெக்னீஷியன் பெண்.

"வேண்டாம்மா, அதுவே பிரிச்சுடும்."

"அப்போ என் மணிக்கட்டுக்கு விடுதலை!"

மைத்துனன் வேலையை முடித்ததும் டாக்டரம்மாவே உட்கார்ந்து, வேண்டுமென்றே நாற்பது தட்டினார். திரை நின்றது. 'லென்ஸ் எண் படத்திலேயே உள்ளது. கூடுதல் லென்ஸ் மாட்டியிருக்கிறீர்களா?'

"இல்லப்பா, மாட்டல" என்று திரைக்கே பதில் சொன்னார். பிறகு திரும்பி, "எல்லா மேசையிலயும் போட்டுடுங்க" என்றார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "எங்க அவன்?"

"மேசை மேசையா போட்டுக்கிட்டிருக்கான். எங்கயும் போகல, போதுமா? அதுல புதுசா ஒரு கேள்வி வருது பாரு, அத வர வச்சதே நான்தான். ஜனங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னு கண்டுபுடிச்சேன்."

"கண்டுபுடிச்சீங்களா, பண்ணினீங்களா?"

"பண்ணாம எப்படிடீ கண்டுபுடிக்கிறது?" என்று சட்டையைக் கழற்றினார் லென்ஸ்காரர்.