கொய்னாத் தண்ணியில் ஏறிய போதை

காதுக்குள் ஙொய்யென்று இரைந்தால் போதை ஏறிவிட்டது என்று அர்த்தம். அறுபதுகளில், கல்யாணமான புதிதில், நான் இதைச் சத்தியமாக நம்பினேன். மதுவிலக்குக் காலத்தில் மீசை முளைத்தவன் வேறென்ன செய்வேன்? எங்கள் நூல்கடைக் குடும்பத்தில் சாராய வாடை தெரிந்தவர்கூடக் கிடையாது. அருப்புக்கோட்டை டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து, திரையில் ஆடிய குடிகாரர்களைப் பார்த்ததுதான் அந்த விஷயத்தில் என் படிப்பு.

தலைதீபாவளிக்குத் திருச்சுழியில் மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. புதுவேட்டிக்கு மேல் ஜமுக்காளம், அதற்கு மேல் சாக்கு. மாமனாருக்குப் பஜாரில் பெரிய பலசரக்குக் கடை, சாக்குக்குப் பஞ்சமில்லை. அவருக்குப் பிறகு கடையைப் பார்க்க ஆண்பிள்ளைதான் இல்லை.

அவருடைய தம்பி பட்டாளத்தில் இருந்தவர். அஸ்ஸாம் காட்டில் இந்தக் காய்ச்சலோடு குடித்தனமே நடத்தியவர். லீவில் வந்திருந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரைகளை எடுத்துப் பொடித்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனி போட்டு, கோலிசோடாவை உடைத்து ஊற்றினார். பிறகு மறுபடியும் பெட்டிக்குள் கையை விட்டார். எதை எடுத்தார் என்பதை அவர் முதுகு மறைத்துவிட்டது.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க மாப்ளே."

குடித்தேன். கசப்பு உச்சந்தலை வரை போய்த் திரும்பி வந்தது. டம்ளர் காலியான பிறகுதான் அவர் கதையைத் தொடங்கினார்.

"வெள்ளைக்காரத் தொரைமாருக்கு இங்க வந்தா இதே காச்சல்தான். கொய்னாக் கசப்பு அவுகளுக்கு எறங்கல. சோடா, சீனி, எலுமிச்சம்பழமுன்னு சேத்துப் பாத்தாக. கடைசியில ஜின்ன ஊத்துனாக. மளமளன்னு எறங்கிருச்சு! அப்பறம் காச்சல் போன பெறகும் குடிய மட்டும் விடல."

"ஜின்னா? சாராயமா மாமா?"

"அது தொரைமாரு சாராயம்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் காது இரைய ஆரம்பித்தது. தலை சுற்றியது. ஆகா, ஏறிவிட்டது! வாசலில் மாட்டுவண்டி நின்றாலும் போலீஸ் வண்டியாகத் தெரிந்தது. விக்கல் வரவேண்டுமே, வரவில்லையே என்று நானாகவே இரண்டு விக்கு விக்கிக்கொண்டேன். படத்தில் குடித்தவன் அடுத்ததாக உண்மையைக் கொட்டுவான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமனார் கடையிலிருந்து வந்து, "ஒடம்பு எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"மாமா, நான் ஒங்க பொண்ணப் பாத்துத் தாலி கட்டல. ஒங்க கடையப் பாத்துத்தான் கட்டுனேன்."

என் மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

"என்னையச் சொல்லிக் குத்தமில்ல. சின்ன மாமா எனக்கு ஜின்ன ஊத்திக் குடுத்துட்டாக!"

மாமனார் கொல்லைப்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏலே! வீட்டுக்கு வந்த மாப்ளைக்கு என்னத்தலே ஊத்திக் குடுத்த?"

தம்பி ஓடி வந்தார். "அண்ணே, ஜின்னுக்கு நான் எங்க போவேன்? கொய்னாவும் எலுமிச்சம்பழமும் சீனியும் நம்ம கடைச் சோடாவுந்தான். பெட்டியில தேடுனது கலக்குறதுக்கு ஸ்பூனு. கொய்னா தின்னா யாருக்கும் காது இரையத்தான் செய்யும்!"

என் காது இன்னும் ஙொய்யென்றுதான் இரைந்துகொண்டிருந்தது.

"அப்ப நெதானத்துலதான் சொல்லியிருக்கீக" என்றாள் என் மனைவி. கஞ்சியைத் தரையில் வைத்தாள், சிந்தாமல் வைத்தாள்.

"இல்ல, இல்ல. காச்சல்ல ஒளறிட்டேன்" என்றேன். எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சாக்குத்தான். மாமியார் பதறிப்போய் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பாவம், அவர் நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார்:

"காச்சல் விட்டுருச்சே மாப்ளே!"

பலகாரத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் நான் மட்டும் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன். அவள் கார்த்திகை கழித்துத்தான் வந்தாள்.