சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

மூடிப்போன பள்ளிக்கூட இடத்தில் என்ன வர வேண்டும் என்பதில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு கட்சி. வீடு என்பதே ஒற்றை அறைதான். அதில் இரண்டு கட்சி இருந்தால் மூச்சு முட்டத்தானே செய்யும்? ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு வேண்டும் என்று மனுப் போட்டவள் நான். பூங்கா வேண்டும் என்று மனு எழுதி, காலையில் தன்னோடு நடக்க வருபவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கித் திரிந்தவர் என் கணவர். இரண்டு மனுவும் ஒரே பிளாஸ்டிக் கவரில்தான் இருந்தன. எங்களிடம் கவர் ஒன்றுதான் இருந்தது.

நான் மாளிகை கேட்கவில்லை. ஓசூரில் நாங்கள் இருப்பது லைன் வீடு. வரிசையாக எட்டுக் குடும்பங்கள், கோடியில் இரண்டு குளியலறைகள். நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனுக்கு விடியும் முன்பே பஸ் வந்துவிடும். வாளியோடு வரிசையில் நின்று, உள்ளே போய் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றுவதற்குள் வெளியே கதவைத் தட்டுவார்கள். பத்தொன்பது வருடமாக நான் நிதானமாகக் குளித்ததே இல்லை. எனக்கென்று ஒரு குளியலறை, அதற்கு ஒரு தாழ்ப்பாள். மனுவில் வேறு என்னென்னவோ எழுதியிருந்தாலும் உள்ளபடி நான் கேட்டது அதைத்தான்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் பிறந்தவர். சர்க்கரை வந்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் தெருவில் நடந்தால் லாரிக்கு ஒதுங்கி நிற்கவே நேரம் சரியாகிவிடும். புங்கமரங்கள் நிற்கும் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் சர்க்கரை இறங்கியது. எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் மனுவில் சேர்த்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இடத்தைப் பார்க்க மாநகராட்சி அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். என் கணவர் ஒரு திட்டம் போட்டார். ஓய்வு பெறும் வரை தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே தரையில் மிஷினுக்கு ஒரு இடம், ஆள் நடக்க ஒரு இடம் என்று மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். கோட்டை யாராவது மிதித்தால் இவருக்குச் சாமி வந்துவிடும். அடுக்குமாடி வந்தால் ஒரு வீடு என்ன அளவில் இருக்கும் என்று மாநகராட்சி ஒட்டிய நோட்டீஸில் இருந்தது. அதை வைத்து மைதானம் முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் வீடு வீடாகக் கோடு போட்டுவிடுவதுதான் திட்டம்.

“எவ்ளோ எடம் போவுதுன்னு கண்ணால பாத்தாத்தான் அந்தாளுக்கு ஒறைக்கும்” என்றார்.

சனிக்கிழமை முழுக்க டேப்பும் கயிறுமாக அலைந்தார். ஏனோதானோ என்று கோடு போட அவருக்கு வராது. ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று ஒவ்வொன்றையும் பிரித்தார். வாசலுக்கு இடைவெளி விட்டார். எதிர்க்கட்சிக்கு இவ்வளவு ஒழுங்காக யாரும் வேலை செய்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவருடைய கூட்டாளிகள் வந்து பார்த்து, நடக்க இடமே இல்லையே என்று தலையில் கை வைத்தார்கள். இவருக்கு ஏகப்பட்ட பெருமை. அதற்குள் எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். பக்கத்து அறைக்காரி, “இதி மா இல்லு!” என்று தெலுங்கில் சொந்தம் கொண்டாடிவிட்டு, கட்டில் எங்கே போடலாம் என்று காலால் அளந்தாள். பிறகு இவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணா, இதையே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டா பாதி கிரவுண்டு மிஞ்சுமே?”

“சுண்ணாம்புல மாடி கட்ட முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு இவர் வேறு பக்கம் போய்விட்டார். வீடு மேலே மேலேதான் வரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

நான் மரத்தடியில் இருந்த வீட்டுக்குள் போனேன். சமையலறையைத் தாண்டிக் குளியலறைக்குள் நின்றேன். கையை நீட்டினால் இரண்டு பக்கமும் கோட்டுக்கு வெளியே போகும், அவ்வளவு சின்னது. சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஆனாலும் எனக்கு அங்கிருந்து வர மனமில்லை.

அதிகாரி வந்துவிட்டார். இவர் அவரை அழைத்துக்கொண்டு, “பாருங்க சார், கிரவுண்டே காணாம போச்சு” என்று விளக்கிக்கொண்டே வந்தார். நடுவில் நான் நிற்பதைப் பார்த்ததும் முகம் சிவந்தது. என்னைக் கிளப்ப விறுவிறுவென்று வந்தவர், கோட்டுக்கு முன்னால் சட்டென்று நின்றார். சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட்டாளிகள் சிரித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஹாலைக் கடந்து வந்தவர், நான் நிற்கும் இடம் எது என்று பார்த்ததும், சடாரென்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஐயா, நீங்க பார்க்குக்குத்தானே மனு குடுத்தீங்க?”

“ஆமா சார். இப்பவும் பார்க்குதான்.”

“அப்பறம் என்ன? அம்மாவ சீக்கிரம் வெளிய வரச் சொல்லுங்க. அளக்கணும்.”

இவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“அவ வரட்டும் சார். அவசரப்படுத்தாதீங்க.”

நான் மெதுவாகத்தான் வெளியே வந்தேன்.