ஜெயசித்ராவின் டிப்பர்

எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைக் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டியவள் ஜெயசித்ரா. அதனால்தான், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் கலையரசன் மஞ்சள்காமாலையில் செத்துப்போனபோது, வண்டிக்கு வேறு ஆள் போட அவள் சம்மதிக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்துத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் இடையே ஓடிய டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பொம்பளை. மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பழகிக்கொள்ளாதவன் கொழுந்தன் நடராசன். வண்டி மாமனார் செல்லக்கண்ணு பேரில் இருந்தது. அண்ணனுக்குப் பிறகு தனக்குத்தான் என்று இருந்தவன் அவன். ஆனால் வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்பான். மெக்கானிக் வேலை தெரிந்தவன் என்பதால் வண்டியின் பழுதுபார்ப்பை எல்லாம் அவள் அவனிடமே விட்டிருந்தாள்.

கோடையில் ஒருநாள், லோடோடு சுரங்கப் பள்ளத்திலிருந்து மேடேற முடியாமல் வண்டி திணறியது. எவ்வளவு மிதித்தாலும் கரும்புகைதான் வந்தது. நடராசன் ஏர் ஃபில்டரைக் கழற்றினான். மடிப்பு மடிப்பான காகிதம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி அப்பியிருந்தது.

"எஞ்சினுக்கு மூச்சு முட்டுது அண்ணி."

"புதுசு மாத்திடுங்க தம்பி."

"கடையில சரக்கு வரல. சுத்தம் பண்ணிப் போடுறேன். நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க."

அவள் திரும்பி வந்தபோது மாட்டி முடித்திருந்தான். வண்டி அதே மேட்டில் சிரமமே இல்லாமல் ஏறியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

"ஒங்க கை பட்டாலே தனிதான் தம்பி."

"இன்னும் ரெண்டு துண்டு போடுங்க அண்ணி" என்று தட்டை நீட்டினான் நடராசன்.

ஆடி மாதத்தில் எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கியது. பின்னால் நீலப்புகை. ஒரு மத்தியானம், லோடோடு நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றேவிட்டது.

அரியலூர் மெக்கானிக் முத்துசாமி பிரித்துப் பார்த்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர் முழுக்கக் கீறல். ஃபில்டரை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். மடிப்புகளுக்குள் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"காத்து போவணும், தூசி போவக்கூடாது. இந்தக் காகிதத்துக்கு அதுதாம்மா வேலை. அடைச்சுக்கிட்டா வண்டி இழுக்காது, ஆனா எஞ்சின் பொழைச்சுக்கும். ஓட்டை போட்டா நல்லா இழுக்கும். ஆனா தூசி உள்ள போயி அரைச்சே கொன்னுடும். இது தானா கிழிஞ்சது இல்ல. யாரோ கம்பியால குத்தியிருக்காங்க."

அவள் ஃபில்டரைக் கொண்டுபோய் மாமனார் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே நடராசன் உட்கார்ந்திருந்தான்.

"பொம்பள ஓட்டுற ஓட்டுக்கு எந்த எஞ்சின் தாங்கும்?" என்றான்.

"கோழிக்குழம்பு ஊத்துனேனே தம்பி" என்றாள். பிறகு செல்லக்கண்ணு பக்கம் திரும்பி, "குத்துனது யாருன்னு ஒங்களுக்கே தெரியும் மாமா" என்றாள்.

கிழவர் ஃபில்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சா என்னா? அவன் என் புள்ள. நீ யாரு?"

வண்டிக்கு வேறு எஞ்சின் ஏறியது. அதை நடராசன் ஓட்டினான். ஜெயசித்ரா தன் மகள் கவிதாவோடு ஆண்டிமடம் பக்கம் குடிபோய் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் சேர்ந்தாள். கொட்டையின் பால் பட்டு விரல்களில் தோல் உரிந்தது. வேறு டிப்பர் முதலாளிகளிடமும் கேட்டுப் பார்த்தாள். எஞ்சினைக் கொன்றவள் என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வராத பஸ்ஸுக்காக நின்றாள். டிப்பர் ஒன்று வந்து நின்றது. நடராசன்.

"ஏறுங்க அண்ணி. புள்ள நனையுது பாருங்க."

பிள்ளையின் உடம்பு கொதித்தது. அவள் ஏறி, தான் ஓட்டிய வண்டியில் கிளீனர் சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான்.

"ஃபில்டர மட்டும் நாள் தவறாம மாத்திடுறேன் அண்ணி. சுரங்கத் தூசி பொல்லாதது. துளி உள்ள போனாலும் எஞ்சின் அவ்வளவுதான்."

அவள் மகளின் ஈரத்தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. பிள்ளையோடு இறங்கி நாலடி நடந்திருப்பாள்.

"அண்ணி," என்று கூப்பிட்டான், "கதவ நல்லா சாத்திட்டுப் போங்க."

அவள் திரும்பி வந்து சாத்தினாள்.