அத்தையின் வலது கை

அத்தைக்கு வந்த உறையைப் பிரித்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

கேரளத்தில் வடகரப்பதிப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்கக் கூடாது என்பதால் அப்பாவின் சிநேகிதர்கள் சிலர் எல்லை தாண்டி எங்கள் ஊர்க் கடைக்கு வருவார்கள். வந்தால் என்னைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை நான் எடுத்த சீட்டுக்கு ஏதோ சின்னப் பரிசு விழுந்திருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கைராசி என்று பெயர். நிலக்கடலை போடும்போது முதல் விதை நான் போட வேண்டும். மாடு வாங்கப் போனால் அப்பா என்னையும் கூட்டிப்போய்க் கயிற்றைப் பிடிக்கச் சொல்வார். நானும் அந்தக் கையைக் கொஞ்சம் மரியாதையாகவே வைத்திருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்டு வைத்து எல்லாம் முடிந்த பிறகு மாமா அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த மருந்துக்கு அப்புறம் இனி அதற்கும் வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அம்மா யாரிடமோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எதற்கு வழியில்லை என்று எனக்குப் புரியவில்லை. மாமா வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடி அப்போதுதான் குட்டையாக முளைத்து வந்துகொண்டிருந்தது அத்தைக்கு. வந்த மறுநாளே தொழுவத்துக்குப் போய் இரண்டு மாடுகளையும் கறக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. நாலைந்து மாதத்தில் வலது கை வீங்கத் தொடங்கியது. முதலில் வளையல் இறுகியது. சோப்புப் போட்டு அம்மா அதைக் கழற்றினாள். பிறகு ரவிக்கையின் கைத்தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் அத்தை வெகுநேரம் மாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது பாத்திரத்தில் பால் அடியில்தான் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. அன்று மாலையிலிருந்து அப்பா கறந்தார். அத்தை தொழுவத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும்.

அந்தச் சமயத்தில்தான் சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே மேல்படிப்புப் படிக்கும் மலையாளப் பெண். கறுப்புப் பையும் அளக்கும் டேப்புமாக ஊர் ஊராகப் போய், அத்தையைப் போல ஆபரேஷன் ஆகிக் கை வீங்கியவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். தன் ஆராய்ச்சியை அவர் நிதானமாக விளக்கினார். பாதிப்பேர் வீட்டுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே வந்து கைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பார். மற்றவர்களுக்கு ஒரு சின்னக் கையேடு மட்டும் தருவார். அவர்கள் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் எல்லாருடைய கையையும் அளந்து பார்ப்பார். ஆறு மாதம் ஆனதும் கையேட்டுக்காரர்களுக்கும் பயிற்சி சொல்லித் தருவார். யாருக்கு எது என்பது மூடிய உறைக்குள் இருக்கும்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வாரம் விட்டு வாரமாவது வரக் கூடாதா என்று பேரம் பேசிப் பார்த்தார்.

"நான் தீருமானிக்கிறது இல்ல சேட்டா. கவர்ல என்ன இருக்கோ அதுதான்" என்றார் சிஸ்டர்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அத்தை என்னைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"அம்மிணி, நீ பிரி. உன்ற கைராசி எனக்கும் ஆகட்டும்."

சிஸ்டர் வரிசையில் அடுத்ததாக இருந்த பழுப்பு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ஓரத்தைக் கிழித்து, மடித்த தாளைப் பிரித்தேன். 'கையேடு' என்று ஒற்றை வார்த்தை.

யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. சிஸ்டர் பையிலிருந்து கையேட்டை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அப்பா தோப்புக்குப் போய்விட்டார். அம்மா மட்டும், "உடு, காயிதந்தானே" என்று என் தலையைத் தடவினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று முழுக்க என் வலது கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

'பாதிக்கப்பட்ட கையை உயர்த்திய நிலையில் வைத்தல் நன்று' என்பது மாதிரித்தான் அந்தக் கையேட்டில் இருந்தது. கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு பெண்ணின் படம் பக்கத்துக்குப் பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சரண்யா ஒரு செய்தி சொன்னாள். சரண்யா என் வகுப்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவள் அம்மாவுக்கும் அத்தைக்கு ஆன அதே ஆபரேஷன் ஆகி, கை வீங்கியிருந்தது. இனிமேல் சனிக்கிழமைதோறும் தங்கள் வீட்டுக்கு ஒரு சிஸ்டர் வரப்போவதாக அவள் பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாளின் உறையை யார் பிரித்தார்கள் என்று கேட்டேன். அவர்களே பிரித்தார்களாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு சரண்யா வீட்டுக்குப் போனேன். சேர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேச்சு. சரண்யா நிஜமாகவே எழுதினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே சிஸ்டர் செய்வதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மேலே நடக்கவிட வேண்டும். கையை மடக்கி விரிக்க வேண்டும். தலையணைமேல் கையை உயர்த்தி வைத்து மெதுவாகத் தடவ வேண்டும்.

சரண்யாவின் அம்மா கொஞ்சம் மந்தம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை காட்டச் சொன்னார்.

"மறந்து போகுதுங்க சிஸ்டர். இந்தப் பக்கமாத் திரும்பி நின்னு இன்னொருக்கா காட்டுங்க."

சிஸ்டர் சலிக்காமல் வாசல் பக்கம் திரும்பி நின்று காட்டுவார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, தேங்காய் போட்டு வைத்திருக்கும் அறைக்கு அத்தையைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அவள் முதலில் சம்மதிக்கவில்லை. சிஸ்டருக்குக் கொடுத்த வார்த்தை என்ன ஆவது என்றாள். நான் அழுதேன். என் கைதானே உன்னைக் கையேட்டில் தள்ளியது என்றேன். அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் விரல்களை வைத்தாள். விரல் எட்டிய இடத்தில் நான் கரித்துண்டால் கோடு போட்டேன். அவள் தோளுக்குக் கொஞ்சம் கீழேதான் அது இருந்தது.

முதல் வாரம் நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அழுத்தி, தோளிலிருந்து விரல்களை நோக்கித் தேய்த்தேன். புதன்கிழமை கை இன்னும் பருத்துச் சிவந்துவிட்டது. அத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, ஒன்றுமில்லை என்றாள். சனிக்கிழமை வருவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். அன்று சரண்யாவின் அம்மா, தடவுவதை அழுத்தித் தடவ வேண்டுமா, மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார். இலைமேல் இருக்கிற தூசியைத் துடைக்கிற மாதிரி, அவ்வளவு லேசாக, விரலிலிருந்து தோளை நோக்கி என்று சிஸ்டர் தன் கையிலேயே தடவிக் காட்டினார். கை தடித்துச் சிவந்து சூடாகவும் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் நோட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளையாக அத்தையின் கை அதற்குள் கொஞ்சம் வற்றியிருந்தது.

அதன் பிறகு வாராவாரம் கரிக்கோடு மேலே ஏறியது. அத்தையின் மணிக்கட்டில் எலும்பு மறுபடி தெரிய ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், சரண்யாவின் அம்மாவோ வரவரச் சோம்பேறியாகிக்கொண்டே போனார். முதலில் நின்று செய்தவர் பிறகு உட்கார்ந்து செய்தார். பிறகு செய்வதே இல்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு சிஸ்டரை மட்டும் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உறை யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது பார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் மாதம் சிஸ்டர் டேப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று அளந்தார். பழைய அளவைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையேட்டை வைத்துக்கொண்டே இவ்வளவு செய்ய முடியுமென்றால் வீட்டுக்கு வீடு நர்ஸ் போக வேண்டிய அவசியமே இல்லை போலிருக்கிறதே என்று சிரித்தபடி பேனாவை எடுத்தார்.

அத்தையால் அதைத் தாங்க முடியவில்லை.

"எழுதாதீங்க சிஸ்டர். அந்தப் பொஸ்தகம் பொட்டிக்குள்ளதானுங்க கெடக்குது. இவ சரண்யா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா. தப்புத்தானுங்க."

சிஸ்டர் பேனாவை மூடி மடியில் வைத்தார். கோபிக்கவில்லை. விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டவர் அப்பாதான். இரண்டு வயலில் ஒன்றுக்கு மட்டும் உரம் போட்டுப் பார்க்கும்போது வரப்பு உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்கும் ஓடிவிட்ட மாதிரி ஆயிற்று என்றார். சிஸ்டர் ஆமாம் என்று தலையசைத்தார். வித்தியாசம் தெரியாமல் போனால், நர்ஸ் வீட்டுக்குப் போவதால் பயனில்லை என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இனி வரப்போகிற எத்தனையோ பேருக்கு அது இல்லாமல் போகும் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். எனக்குப் புரியவும் செய்தது.

"அப்ப எங்க அத்தை கை?" என்று கேட்டேன்.

சிஸ்டர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். நான் பார்த்துப் படிப்பது சரண்யாவின் அம்மாவுக்குத் தெரியுமா என்றார். அவருக்கு எப்படித் தெரியும், அவருக்கே எல்லாம் மூன்று தடவை சொன்னால்தான் ஏறும் என்றேன். சிஸ்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து எழுதினார். இனிமேல் பயிற்சி நேரத்தில் அங்கே வரக் கூடாது என்று மட்டும் போகும்போது சொன்னார்.

அத்தையின் கை பழைய கையாகவில்லை. ஆனால் விரல்கள் மடங்கின. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி தொழுவத்துக்குப் போய்விட்டாள். மாமா வரவே இல்லை. ஒரு கட்டத்தில் யாரும் எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். சிஸ்டர் ஆறாம் மாதமும் வந்து அளந்துகொண்டு போனார். அத்தையின் அளவுகளை எந்தப் பட்டியலில் சேர்த்தார், சேர்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. சரண்யாவின் அம்மாவுக்கு நோய் திரும்பி, முதுகெலும்புவரை போயிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களிலேயே அது அவருக்குத் தெரிந்திருந்ததாம். அந்த வருஷம் முடிவதற்குள் இறந்துபோனார்.

அவர் நோயைப் பற்றி நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவர் இறப்பதற்கு முன், சிஸ்டர் என்னைத் தடுத்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் அம்மா கூப்பிடுவதாகச் சரண்யா வந்து சொன்னாள். போனேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். இதுவரை கற்றுக்கொண்டதை முதலிலிருந்து செய்துகாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பிறகு, அவர் கோபமாக இல்லை என்று தெரிந்து, சுவரில் விரல் நடப்பதிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"தோள ஒசத்தாத கண்ணு. கை மட்டும் போகோணும். உங்கத்தைகிட்டயும் சொல்லு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சரியாகத்தான் சொன்னார். அன்று மாலை தேங்காய் அறையில் அத்தை சுவரில் விரல்களை நடக்கவிட்டுக்கொண்டிருக்கும்போது, தோளை உயர்த்தாதே என்றேன். யார் சொன்னார்கள் என்று கேட்டாள். சரண்யாவின் அம்மா சொன்னதாகச் சொல்லி, பாவம், மூணு மூணு தடவை கேட்டு இப்பத்தான் அவங்களுக்கு மண்டையில ஏறியிருக்குது என்றேன்.

அத்தையின் விரல்கள் பாதிச் சுவரில் நின்றன.

"மூணு தடவையும் எந்தப் பக்கம் திரும்பிக் காட்டச் சொல்லுவாங்க?"

"வாசப் பக்கம்."

"நீ எங்க உக்காந்திருப்ப?"

"வாசப்படியிலதான்."

அத்தை கையை இறக்கிக்கொண்டு அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். இன்னும் நாலு தடவை பாக்கி இருக்கிறது, எழுந்திரு, எழுந்திரு என்று அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.